ஈனாக் பில்லிங்கின் கண்ணீர் தடுப்பான்

ஈனாக் பில்லிங் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்குப் பக்கத்து வீடு என் வீடு. ஊறுகாய்க் கம்பெனியில் அவர் மேஸ்திரி, நான் அவருக்குக் கீழே வெங்காயம் உரிப்பவள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவருக்குப் பின் பெஞ்சில் உட்காருகிறவளும் நானே. இத்தனை பக்கத்திலிருந்து பார்த்தும் அந்த முகம் ஒரு தடவைகூட இளகியதில்லை. மனிதர் அப்படியொன்றும் சோகமானவர் அல்ல. எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்ததால் சிரிக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரான மில்ஷாவில் அவருடைய கண்டுபிடிப்புகளால் பாதிக்கப்படாத குடும்பம் குறைவு. இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது எதிரே ஒரு சீமாட்டி வந்தால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வது எப்படி? உலகத்தில் வேறு யாருக்கும் வராத இந்தக் கவலை அவருக்கு வந்தது. சட்டைக்குள்ளே கயிறு விட்டு, தாடையை ஆட்டினால் தொப்பி எழும்புகிற மாதிரி ஒன்று செய்தார். பாதிரியாரின் மனைவி எதிரே வந்த அன்று தொப்பி ஒழுங்காக எழும்பியது. இறங்கத்தான் மறுத்துவிட்டது. தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொப்பி மிதக்க, கடைத்தெரு முழுக்க அவர் அதே கம்பீரத்தோடு நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்.

அவர் மனைவி ஹில்டா அவரைச் சந்தித்ததும் ஒரு கண்டுபிடிப்பால்தான். விடுமுறை வாரத்தில் பிளாக்பூல் கடற்கரையில் அவளுடைய குடைக் கம்பி உடைந்தது. ஈனாக் ரிப்பேர் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அது குடையாக இல்லை. ஆனால் அவளுக்குக் கணவர் கிடைத்தார். லாபமா நஷ்டமா என்று ஹில்டா எங்களிடம் சொன்னதில்லை.

மேஸ்திரியாகி உருண்டைத் தொப்பி போடும் தகுதி வந்ததும் அவருடைய பார்வை எங்கள் மேல் திரும்பியது. நாள் முழுக்க வெங்காயம் உரித்து, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்து அவர் மனம் நிஜமாகவே உருகியது. இதை மட்டும் நான் கிண்டலாகச் சொல்லவில்லை. வேறு மேஸ்திரிகள் எங்கள் கண்ணீரைப் பார்த்து, வினிகர் செலவு மிச்சம் என்று ஜோக்கடிப்பார்கள். ஈனாக் வீட்டுக் கொட்டகையில் ராத்திரி பகலாக உழைத்துக் கண்ணீர் தடுப்பானைக் கண்டுபிடித்தார்.

அதை எப்படிச் சொல்வது? ஒரு பழைய சமையலறை நாற்காலி. அதில் உட்கார்ந்து மிதித்தால் சைக்கிள் சக்கரம் சுற்றும். சக்கரத்தில் கட்டிய வாத்து இறகுகள் வெங்காய நெடியை முகத்திலிருந்து விரட்டும். விரட்டிய நெடியைத் தலைக்கு மேலே கவிழ்த்து வைத்த கிராமபோன் குழாய் உறிஞ்சி ஜன்னல் வழியாக வெளியே தள்ளும். கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் கண்ணாடி. மூக்குக்கு முன்னால் ஈரப் பஞ்சு. அது நகராமல் இருக்க ஒரு கயிறு, அந்தக் கயிறு தளராமல் இருக்க ஓர் இஸ்திரிப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி காலில் விழாமல் இருக்க இன்னொரு கயிறு. நாங்கள் ஒரு வாளி உரித்து முடிக்கும் நேரத்தில் அதில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை உரித்துவிடலாம். பக்கத்தில் நின்று கயிறு பிடிக்க இரண்டு பேர் போதும்.

கம்பெனி இதை ஏற்றுக்கொள்ள வேண்டும், அவருடைய பெண்கள் ஒருநாளாவது அழாமல் வீட்டுக்குப் போக வேண்டும். ஈனாக் பில்லிங்கின் வாழ்க்கையில் இருந்த ஆசை அது ஒன்றுதான். வருஷா வருஷம் முதலாளி ஆஷென்டனிடம் போய்க் கேட்பார். “பரிசீலனையில இருக்கு, பில்லிங்” என்பார் முதலாளி. பரிசீலனை என்பது எங்கள் நாட்டில் ஒரு விஷயத்தை மரியாதையாகப் புதைக்கும் இடம். ஈனாக்குக்கு அது தெரியாது. தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

அந்தச் சமயத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. மற்ற கம்பெனிக்காரர்கள் செய்வதைப் பார்த்து ஆஷென்டனுக்கும் ஆசை வந்தது. லண்டனிலிருந்து வேடிக்கைப் படக்காரர் ஒருவரை வரவழைத்து, கம்பெனியைக் கேலியாக வரைய வைத்து, காலண்டராக அச்சடித்து மளிகைக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது. காசு கொடுத்துத் தன்னையே கேலி செய்துகொள்ள எங்கள் ஆட்களை விட்டால் ஆளில்லை. ஆனால் கேலி என்கிற சங்கதியை முதலாளி எங்களுக்குச் சொல்லவில்லை. “லண்டனிலிருந்து ஒரு கனவான் நமது இயந்திரங்களை வரைய வருகிறார். ஒத்துழைக்கவும்” என்று மட்டும் கதவில் ஒட்டியிருந்தார்.

வந்தவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கறுப்புக் கோட்டும் ஒட்டிய கன்னமுமாக, சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தவர் போல இருந்தார். இயந்திர வரைபடம் போடும் இஞ்சினியர் என்றே ஈனாக் முடிவு செய்துவிட்டார். நேராகக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கயிறு பிடிக்க நானும் ஹில்டாவும் போனோம்.

படக்காரர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இந்தக் கயிறு அறுந்துட்டா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

“முடிச்சுப் போடுவேன்.”

“முடிச்சு அவிழ்ந்துட்டா?”

“அவிழும்னு தெரிஞ்சுதான் நான் எப்பவும் ரெண்டு முடிச்சாப் போடுறது.”

படக்காரர் தலையாட்டினார். “நான் இதுல கை வைக்கிறதுக்கே எடம் இல்லை, மிஸ்டர் பில்லிங்” என்றார். குரலில் கேலி இல்லை. கொஞ்சம் பொறாமைகூட இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் காலண்டர் வந்தது. ஜனவரியில் பாதிரிமார் ஆறு பேர் துடுப்பு போட்டு வினிகர் தொட்டியைக் கலக்குகிறார்கள். மார்ச்சில் வளைந்த வெள்ளரிக்காயை நீவி நிமிர்த்த ஒரு ரோடு ரோலர். ஜூலையில் முதலாளி பலூனில் தொங்கிக்கொண்டு நீளக் கரண்டியால் ருசி பார்க்கிறார். எல்லாம் படக்காரரின் கற்பனை. அக்டோபரில் கண்ணீர் தடுப்பான். அதில் மட்டும் கற்பனை துளியும் இல்லை. ஒரு கயிறு கூடவில்லை, ஒரு முடிச்சு குறையவில்லை. ஊரே அக்டோபரைப் பார்த்துத்தான் விழுந்து விழுந்து சிரித்தது.

ஈனாக் அதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். அந்தப் படக்காரர் வரையும் மனிதர்கள் எல்லாரும் ஒரே அச்சு. குட்டையாக, தொப்பையும் வழுக்கையுமாக, உலகத்தையே தாங்குகிற முகத்தோடு இருப்பார்கள். ஒல்லிக்குச்சியான ஈனாக்கும் அப்படியே வரையப்பட்டிருந்தார்.

“மூஞ்சிதான் கொஞ்சம் சரியா வரலை. மத்தபடி அந்த ஆளுக்கு வேலை தெரியுது. பன்னெண்டு படத்துல ஒழுங்கா அளவெடுத்து வரைஞ்சது இது ஒண்ணுதான்” என்றார் என்னிடம்.

ஹில்டா சமையலறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். “பெஸ்ஸி, அவருக்குத் தெரியலை. யாரும் அவரு முன்னாடி சிரிச்சுடாமப் பாத்துக்க. தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு.”

இந்த மாதிரி வேலைக்கு எங்கள் ஊரை மிஞ்ச முடியாது. ஒருவன் வீடு எரிகிறது என்று அவனிடம் சொல்வதற்கு முன்னால் மழை வருமா என்று இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும் என்று நினைக்கும் ஜனங்கள் நாங்கள். சேதி வாய் வழியாகப் பரவியது. ஈனாக் தெருவில் வந்தால் முடிவெட்டுகிறவர் உதட்டைக் கடித்துக்கொள்வார். பாதிரியார் இருமுவார். வெங்காய அறையில் முப்பது பெண்கள், சாவு வீட்டு முகத்தோடு “நல்ல படம், மிஸ்டர் பில்லிங்” என்போம். சிரிப்பை அடக்கி அடக்கி, கடைசியில் ஊரே அந்தக் காலண்டரில் இருக்கிற ஆட்கள் மாதிரி ஆகிவிட்டது.

இப்படியே போயிருந்தால் அவர் நிம்மதியாகச் செத்துப்போயிருப்பார். ஆனால் மளிகைக்காரர்கள் முதலாளிக்கு எழுதத் தொடங்கினார்கள்: அக்டோபர் மெஷின் நிஜமாகவே இருக்கிறதா? இருக்கிறது என்று சொன்னால் எத்தனை ஜாடி விற்கும் என்று ஆஷென்டன் கணக்குப் போட்டிருப்பார். ஈனாக்கைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“பில்லிங், கோடையில வியாபாரிங்க எல்லாம் வர்றாங்க. உங்க மெஷினை மேடையில ஓட்டிக் காட்டணும்.”

ஈனாக் வீட்டுக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “பரிசீலனை முடிஞ்சுடுச்சு, ஹில்டா” என்றார்.

விழாவுக்கு முதல் நாள் தேநீர் வேளையில், உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஹில்டா தீர்மானித்தாள். தைரியத்துக்கு என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“ஈனாக், நாளைக்கு வர்றவங்க இருக்காங்களே…”

“ம்?”

“அவங்களுக்கு நாளைக்கு மழை வராம இருக்கணும்.”

“வராது. காத்து வடக்கேயிருந்து அடிக்குது” என்றார் ஈனாக். ஹில்டா அவர் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தாள். அதோடு பேச்சு முடிந்தது. நானும் என் பங்குக்கு ஊறுகாயை அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. மளிகைக்காரர்கள், அவர்கள் மனைவிமார், முன் வரிசையில் மேயர். தேவாலயத்துக்குப் போடும் கறுப்பு உடையில் ஈனாக் மேடை ஏறினார். கயிறு பிடிக்க வழக்கம்போல் நாங்கள் இருவரும். “பெண்களின் துன்பத்தைத் துடைக்கும் இந்தச் சாதனம்” என்று அவர் தொடங்கியதுமே பின் வரிசையில் ஒருவன் கனைத்தான். அவர் கண்ணாடியை மாட்டினார். கனைப்பு இரண்டானது. மிதிக்க ஆரம்பித்து, வாத்து இறகு பறந்து மேயரின் மடியில் விழுந்ததும் கூடம் வெடித்தது.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் ஒப்பந்தம் தெரியாதே. ஈனாக்கை நாடகக் கொட்டகையிலிருந்து வரவழைத்த கோமாளி என்றே நினைத்துவிட்டார்கள். அவர் எவ்வளவுக்கெவ்வளவு முகத்தை இறுக்கினாரோ அவ்வளவுக்கவ்வளவு சிரிப்பு ஏறியது. ஒரு கயிறு அறுந்தது. அவர் இறங்கி வந்து முடிச்சுப் போட்டார். நின்று யோசித்து, இரண்டாவது முடிச்சும் போட்டார். ஒரு மளிகைக்காரரின் மனைவி நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. நானும் காலண்டரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். என்றாலும் அவள் எங்கள் ஊர்க்காரி இல்லையே.

ஈனாக் நிறுத்தவில்லை. அந்த ஒரு வெங்காயத்தை முழுசாக உரித்து, உயர்த்திக் காட்டினார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஆஷென்டன் மேடைக்கே ஓடி வந்து கையைக் குலுக்கினார்.

“பிரமாதம், பில்லிங். அந்த ரெண்டாவது முடிச்சு இருக்கே, அடடா. வருஷா வருஷம் இதை வெச்சுடலாம்.”

“மெஷினை எப்போ உரிக்கிற ரூமுல மாட்டுவீங்க, ஐயா?”

முதலாளி அதற்கும் சிரித்தார். தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, மேயரோடு சாப்பிடப் போய்விட்டார். கூட்டம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் பின்னால் போனது.

மேடையில் நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம். ஹில்டா கையிலிருந்த கயிற்றை விடவே இல்லை. ஈனாக் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா, பெஸ்ஸி. இருக்கிறது ஒரே ஒரு வெங்காயம். கூடத்துல அத்தனை பேருக்கும் கண்ணுல தண்ணி. மெஷின்ல உக்காந்திருந்தவனுக்கு மட்டும் இல்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேணும் இவங்களுக்கு?”

“வேறென்ன வேணும், ஈனாக்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு பக்கமும் நனைந்து கன்னம் வரை வழிந்திருந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். காலண்டர் வந்த நாளிலிருந்து தெரியுமா, இப்போதுதான் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. அவருக்கு எதிரே சிரிப்பை அடக்கி முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ள நான் பாடுபட வேண்டியிராத ஒரே சமயம் அதுதான்.

கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஈனாக். “இடது பக்கம் கசியுது. இன்னொரு கயிறு வேணும்” என்றார்.

என் ஏப்ரன் பையில் எப்போதும் கொஞ்சம் கயிறு இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். ஹில்டா ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, அவர் முடிச்சுப் போட்டார். பிறகு அதன் மேலேயே இன்னொன்றும் போட்டார்.