குளவி வந்தபோது பேசாத வாட்ச்

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள் நான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டு, "ஆபத்துன்னா இந்தப் பட்டன அமுக்குங்கம்மா, எனக்கு போன் கோல் வரும்" என்றேன். கூட வேலை செய்பவர்கள், "தொரைசானி வர்றாங்க, வழி விடுங்கடி" என்று கேலி செய்தார்களாம்.

போன் பக்கத்தில் இருந்தால்தான் அந்த வாட்ச் வேலை செய்யும் என்பதை நான் சொல்லவில்லை. அம்மா மழைக்குப் பயந்து போனை லயத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். மலையில் குளவிக்கூடு கலைந்ததும் எல்லோரும் ஓடினார்கள். அம்மா மட்டும் நின்று பட்டனை அமுக்கியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் முகமெல்லாம் வீங்கி, நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்ததும், "நீ சொன்னபடிதான் அமுக்கினேன் புள்ள, நீ பேசவே இல்லையே" என்றார்.

இப்போதெல்லாம் யாருக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும், அது எப்போது வேலை செய்யாது என்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.