பருத்தி எடுக்க யார் வருவார்கள், தம்பி?

வக்கீல் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது என்று நேற்று இந்தக் குழுவில் ஒரு தங்கை கேட்டிருந்தார்.

சொல்கிறேன். எனக்கும் ஒன்று வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். எனக்கு இருபத்து நான்கு வயது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஆவணியில் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவரும் அவர் தம்பியும் முன்பே வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்திருந்தார்கள். கண்மாய்க்குக் கிழக்கே இருந்த கரிசல் காட்டு நிலம் எங்கள் பங்கு.

புருஷன் போனவள் ஒரு வருஷம் வாசல் தாண்டக் கூடாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். நானும் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

ஐப்பசி மழையில் என் கொழுந்தன் அந்தக் காட்டை உழுது பருத்தி விதைத்தார். மதினிக்கு ஒத்தாசை செய்கிறார் என்று நினைத்தேன். (சிரிக்காதீர்கள்.)

தை மாதம் அருப்புக்கோட்டை வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. நிலம் அவர் அனுபவத்தில் இருக்கிறதாம். எனக்கும் என் மகளுக்கும் பாத்தியதை இல்லையாம். மீறி நுழைந்தால் கேஸாம்.

பின்னாலேயே கொழுந்தனும் வந்தார்.

“ஆம்பளப் பிள்ள இல்லாத வீட்டுக்கு நெலம் எதுக்கு மதினி? ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருங்க. வருசா வருசம் கம்பு அனுப்பி விடுறேன்.”

“நான் எங்கயும் போகலை தம்பி.”

“அப்பக் கோர்ட்டுல பாத்துக்கிருவோம்.”

ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். உழுது விதைக்க ஆண்கள் போதும். வெடித்த பருத்தியை எடுக்கப் பெண்கள்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் எந்த ஆணும் மடி கட்டிப் பருத்தி எடுக்க மாட்டான்.

மாசியில் காடு வெள்ளையாக வெடித்தது. கொழுந்தன் ஆள் சொல்லி அனுப்பினார். பருத்தி எடுக்கும் பெண்களுக்கெல்லாம் முத்தம்மா வைத்ததுதான் சட்டம். அவள் காட்டுக்குப் போகவில்லை. அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

“எக்கா, மடியக் கட்டு. கெளம்பு.”

“வருசம் திரும்பலையே, முத்தம்மா.”

“நீ எறங்குனாத்தான் நாங்க எறங்குவோம். நாளைக்கு எம்புருசன் போயிட்டா எங்கொழுந்தனும் இதத்தான செய்வான்?”

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊர் என்னென்ன பேசும் என்று தெரியும். பயமாக இருந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் நல்லது, அதுதான் என் காலை நகர்த்தியது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.

முதல் பருத்தியை நான்தான் எடுத்தேன். என் பின்னால் எல்லாரும் வரிசை பிடித்து இறங்கினார்கள்.

கொழுந்தன் நாலைந்து ஆட்களோடு வரப்பில் வந்து நின்று கத்தினார்.

“வருசம் முடியாமக் காட்டுல எறங்குறது அசிங்கமா இல்ல? கேஸு போட்டாக் கோர்ட்டுப் படி ஏறணும் மதினி, தெரியும்ல?”

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

“போடுங்க தம்பி. இது யாரு காடுன்னு ஜட்ஜு கேட்டா நானும் வாரேன், இவுக அம்புட்டுப் பேரும் வாராக. ஒங்களுக்குச் சாட்சி சொல்ல யாரு வருவாகன்னு இப்பவே பாத்து வச்சுக்கங்க.”

அவருடன் வரப்பில் நின்றவர்கள் எல்லாம் இந்தப் பெண்களின் புருஷன்மார். ஒவ்வொருவராக வரப்பைவிட்டு நழுவினார்கள். (ராத்திரிச் சோறு யார் போடுவது?)

கேஸ் வரவே இல்லை. ஊர் பேசியது, நிறையவே பேசியது. பேசட்டும் என்று அடுத்த மழைக்கு நானே ஆள் வைத்து உழுதேன். அலைந்து திரிந்து என் பெயருக்கும் மகள் பெயருக்கும் பட்டா வாங்கினேன்.

இந்த வருஷமும் அங்கே பருத்திதான். உழுவது கொழுந்தனின் பேரன். குத்தகைக்கு, என்னிடம் கேட்டுவிட்டு.