சாவி கையில், எஞ்சின் ஓட்டத்தில்

சென்ற மாதம், ஒரு சனிக்கிழமை. கண்டி டவுனில் ஒரு பார்மசிக்கு முன்னால் காரை நிறுத்தினேன். சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். இறங்கிக் கதவைச் சாத்தினேன். கார் ஓடிக்கொண்டிருந்தது!

நகரவில்லை. எஞ்சின் மட்டும்தான் — குளிர்காய்ச்சல் வந்தவனைப் போல உதறிக்கொண்டு, இருமிக்கொண்டு, நின்றுவிடும் என்று நினைக்கும்போது மறுபடி ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு... கடைசியில் ஒரு பெரிய உலுக்கலோடு அடங்கியது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

எண்பதுகளில் ஜப்பானில் செய்த கார். கார்புரேட்டர் வைத்தது. விற்றுவிட்டுப் புதிதாக வாங்கலாமே என்பீர்கள். இலங்கையில் கார் என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வேறு சமயமாக இருந்தால் இதற்கு இத்தனை பயந்திருக்க மாட்டேன். மகள் கவிதா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். மருமகனுக்குக் கொழும்பில் வேலை. வார இறுதியில் வந்து போவார். எங்கள் வீடு ஹந்தானை வீதிக்குக் கீழே, பள்ளத்தில். மெயின் ரோட்டுக்கு ஏறச் செங்குத்தாக ஒரு ஒழுங்கை. மழை பெய்தால் த்ரீவீல்காரர்கள் மேலேயே நின்று ஹோர்ன் அடிப்பார்கள், இறங்க மாட்டார்கள். நிறைமாதப் பிள்ளையை அந்த ஏற்றத்தில் நடக்க வைக்க முடியுமா? ஆக, ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு இருந்தது இந்த ஒரு கார்.

நிறுத்தினால் நிற்காத கார், ஸ்டார்ட் செய்தால் கிளம்பும் என்பது என்ன நிச்சயம்?

திங்கட்கிழமை காலையே மெக்கானிக் நிஸாம் நானாவின் கராஜுக்குப் போனேன். இந்தக் காரை நான் வாங்கிய நாளிலிருந்து பார்ப்பவர். ஒரு தடவை நிறுத்திக் காட்டச் சொன்னார். நிறுத்தினேன். உதறியது. நானா சிரித்தார்.

"சேர், இது உங்க மேல உள்ள பாசம். விட்டுட்டுப் போக மனசில்ல."

"நானா, எனக்குச் சிரிப்பு வரல்ல. கரன்ட் எங்கயாவது ஒழுகுதா?"

"கரன்ட் வந்தா ஒழுங்கா ஓடும் சேர். இது உதறுது பாருங்க. ஸ்பார்க் இல்ல. உள்ளுக்குச் சூட்டுல பெற்றோல் தானா பத்துது. கரி பிடிச்சி ஈக்கும்."

தானாகப் பற்றுகிறது! இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு ஒரு மனிதன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு சாப்பிட முடியுமா?

நான் எதையும் ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும். முதலில் சூடு — ரேடியேட்டரில் தண்ணீர் சரி, ஃபேன் சரி, மீட்டர் முள் நடுவைத் தாண்டவில்லை. அடுத்து பெற்றோல். வழக்கமாக அடிக்கும் ஒக்டேன் தொண்ணூற்றிரண்டை விட்டு, விலை கூடிய தொண்ணூற்றைந்து அடித்தேன். உதறல் கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை. பிறகு பிளக்குகளை மாற்றினோம். அப்போதும் நிற்கவில்லை.

"இனி ஹெட்டக் கழட்டிக் கரி சுரண்டணும்" என்றார் நானா. "மூணு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க."

மூன்று நாளா? அந்த மூன்று நாளில் கவிதாவுக்கு வலி வந்தால்? பக்கத்து வீட்டு வேன்காரர் பாதி நாள் நாவலப்பிட்டிக்கு ஹயர் போய்விடுவார். யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்கு யோசனைதான். கவிதா இடுப்பில் கை வைத்தால் எனக்கு வியர்க்கும். "அப்பா, நான் சும்மா நிமிர்ந்தேன்" என்பாள்.

வியாழக்கிழமை பகல், டவுன் டிராஃபிக்கில் இறங்கி வரும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஆக்சிலேட்டரில் கால் வைக்கவில்லை. ஆனாலும் கார் முன்னால் முன்னால் தள்ளியது; பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வரவேண்டியிருந்தது. வீட்டு வாசலில் நியூட்ரலில் போட்டுக் கேட்டேன். எஞ்சின் மிக்ஸி மாதிரி இரைந்தது. காலை எடுத்த பிறகு மெதுவாக அல்லவா ஓட வேண்டும்? இத்தனை நாளாக நிறுத்திய பிறகு வரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன். நிறுத்துவதற்கு முந்தின சத்தத்தை யார் கேட்டது?

பொனட்டைத் திறந்தேன். கார்புரேட்டர் முழுக்கக் கறுப்புப் பிசுக்கு. ஒரே ஒரு ஸ்க்ரூவின் தலை மட்டும் பளபளவென்று, புதிதாக ஸ்க்ரூ டிரைவர் பட்ட கீறலோடு. ஐட்லிங்கை, அதாவது காலை எடுத்த பிறகு எஞ்சின் ஓடும் வேகத்தை, கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ. அதை முடுக்கினால் காற்று போகும் வழி எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் காற்றையும் பெற்றோலையும் இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே சூடு, பற்றாமல் என்ன செய்யும்?

நான் முடுக்கவில்லை. நானாவைப் போனில் கேட்டேன், தானும் முடுக்கவில்லை என்றார். எங்களைத் தவிர இந்தக் காரை எடுப்பது என் மனைவி வசந்திதான். உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வசந்தி, கார்ல யாராச்சும் கை வச்சாங்களா?"

உதறிய சேலையைக் கொடியில் போட்டு ஓரம் சரிபார்த்த பிறகுதான் பதில் வந்தது.

"நான்தான் வைக்கச் சொன்னேன்."

உங்களுக்குப் பின்னால் ஒரு கதிரை இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பீர்கள். எனக்குப் பின்னால் இல்லை.

"இந்த உதறல் வர்றதுக்கு முந்தின நாள் கவிதாவ கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன்ல? ஒழுங்கை முனையில பஸ்ஸுக்கு வழி விட நிறுத்தினேன். எஞ்சின் நின்னுருச்சி. ஸ்டார்ட் பண்ணினா திரும்பவும் நின்னுருச்சி. வண்டி பின்னால உருளுது, புள்ள வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. திரும்பி வர்ற வழியில ஒரு கராஜ்ல, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாலும் நிக்காத மாதிரி வச்சிக் குடுங்கன்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா? அன்னிக்கே எஞ்சின அக்கு அக்காக் கழட்டி முத்தத்துல பரத்தி வச்சிருப்பீங்க. புள்ளய தோள்லயா தூக்கிட்டுப் போறது?"

உள்ளேயிருந்து கவிதாவின் சிரிப்புச் சத்தம். தாயும் மகளும் கூட்டு!

யோசித்துப் பாருங்கள். அதே கார், அதே மகள், அதே ஏற்றம். கார் நிற்கவில்லையே என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நின்றுவிடுமோ என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு இருவரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். மற்றவர் பயந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தால் கஷ்டப்பட்டது எஞ்சின்.

மறுநாள் நானா வீட்டுக்கே வந்தார். கார்புரேட்டரில் பெற்றோல் வரும் சின்னத் துளையில், ஜெட்டில், அழுக்கு. ஏற்றத்தில் நின்றுபோனது அதனால்தான். சுத்தம் செய்தார். "இனி ஐட்லிங்கக் குறைக்கலாம்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வசந்தி குறுக்கே வந்து நின்றாள்.

"புள்ள பொறக்கட்டும் நானா. நீங்க சுத்தம் பண்ணினது சரியா இல்லையான்னு கவிதாவ உக்கார வச்சா பாக்குறது?"

நானா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அப்ப நிப்பாட்டக்குள்ள நாலாம் கியர்ல போட்டு, பிரேக்க நல்லா மிதிச்சிக்கிட்டு, கிளட்ச்ச விடுங்க சேர். கழுத்தப் பிடிச்ச மாதிரி நிக்கும்."

அப்படியே செய்துவந்தேன். ஒவ்வொரு தடவையும் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும்போது என் நெஞ்சும் குலுங்கும்.

சென்ற புதன்கிழமை பள்ளிக்கூடங்கள் விடுகிற நேரம். கண்டியில் அந்த நேரத்தில் வீதிக்கு யாராவது வருவார்களா? கவிதாவுக்கு வலி வந்தது. மழை வேறு. ஒழுங்கையில் ஏறினேன். முனையில் பஸ், வேன், குடை பிடித்த பிள்ளைகள்... கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்தபடி ஏற்றத்தில் காத்திருந்தேன். பின் சீட்டில் கவிதா பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது. நிற்கவில்லை. கண்ணாடியில் வசந்தியைப் பார்த்தேன். அவள் புருவத்தை உயர்த்தினாள்.

ஆஸ்பத்திரி வாசல். சாவியைப் பிடுங்கினேன். கியராவது கிளட்ச்சாவது! கவிதாவை ஒரு பக்கம் வசந்தி, ஒரு பக்கம் நான். பின்னால் காவலாளி கத்தினார்:

"சேர்! எஞ்சின் ஓஃப் பண்ணல்ல!"

திரும்பாமலே கையிலிருந்த சாவியைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனேன். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ...

பேத்தி. தாயும் பிள்ளையும் சுகம்.

நேற்று நானா ஐட்லிங்கைக் குறைக்க வந்தார். ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "அண்டைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல எவ்வளவு நேரம் ஓடிச்சி சேர்?"

"தெரியாது நானா."

"உங்களுக்கா தெரியாது?"

பேத்தி பிறந்த நேரத்தைக் கேளுங்கள் — நிமிஷத்தோடு சொல்கிறேன்!