சேர்வர் அக்காவின் கிணற்றுப் பங்கு

அந்தக் கூட்டத்துக்கு அக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தார். கோப்பாயில் ஒரு சனசமூக நிலையத்தின் மண்டபம். கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்காரருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டிருந்தோம். சோடாவும் பற்றிசும் வாங்கி வைத்திருந்தோம். அக்கா ஸ்கூட்டியை மாமரத்தடியில் நிறுத்தினார், வாசலில் செருப்பைக் கழற்றினார், ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். "தலையிலை கிடக்கட்டும் அண்ணை. கதை பிழைச்சா உடனை வெளிக்கிடலாம்" என்று எனக்குச் சொன்னார், மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படியாக. செயலாளர் என்ற முறையில் நான் அவரைக் கடிந்துகொண்டிருக்க வேண்டும். சிரிப்பை அடக்குவதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

எங்கள் ஒன்றியத்தில் எல்லோரும் அவரைச் சேர்வர் அக்கா என்றுதான் அழைப்பார்கள். வயதில் என்னைவிட இளையவர். ஊரே அக்கா என்னும்போது நான் மட்டும் தங்கச்சி என்று கூப்பிட முடியுமா? நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். புதிதாகக் கேட்பவர்கள் குழம்பிப்போவார்கள். குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, கணினி படித்து, கிழமை நாட்களில் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தார். சனிக்கிழமையும், ஞாயிறு பூசைக்குப் பிறகான பொழுதும் எங்களுக்கு. கோபம் அவருக்கு மூக்கு நுனியில் இருக்கும். அவர் காலமான பிறகு நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், அக்கா சாதுவான மனுஷி என்று யாரோ பேசினார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

எங்களுடையது சில ஊர் வாசிகசாலைகள் சேர்ந்த சின்ன ஒன்றியம். பழைய பத்திரிகைகளையும் விழா மலர்களையும் படம் பிடித்து இணையத்தில் போடுவது, எந்த ஊர் வாசிகசாலையின் அங்கத்தவரும் வீட்டிலிருந்தே அவற்றைப் படிப்பது, இதுதான் திட்டம். அதற்கு யார் அங்கத்தவர் என்று தெரியவேண்டுமே. பெயர்ப் பட்டியலை அனுப்புங்கள் என்று எல்லா ஊருக்கும் சொன்னோம். இந்த மண்ணில் பெயர்ப் பட்டியல் கேட்டால் என்ன நடக்கும் என்பது எங்களுக்கே மறந்துபோயிருந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இராணுவத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று எங்களுக்கு இருந்தது. சில ஊர்கள் பதிலே போடவில்லை. கரையோரத்து வாசிகசாலை ஒன்று மட்டும் மறுக்காமல், அழகாகத் தட்டச்சுச் செய்த பட்டியலை அனுப்பியது. அக்கா அதை விசாரித்துப் பார்த்துவிட்டு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அரைவாசிப் பேர் கனடாவில் இருந்தார்கள், மிச்சப் பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு ஊரில் இருக்கும் ஒருவரைக்கூட அவர்கள் எழுதவில்லை. "உவைதான் மனிசர்" என்றார் அக்கா. "இனி ஒருத்தரிட்டையும் பட்டியல் கேக்காதேங்கோ."

அதன் பிறகுதான் வேர்ச்சுவல் டிரெக்டரி சேர்வர் என்ற பெயரை அக்கா சொல்லி நான் முதன்முதலில் கேட்டேன்; அவருக்குச் சேர்வர் அக்கா என்ற பெயர் வந்ததும் அதனால்தான். மெய்நிகர் பெயரேடு என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். ஒருவருக்கும் விளங்கவில்லை, எனக்கும்தான். அக்கா பிறகு எனக்கு விளங்கப்படுத்தியது இது. ஒவ்வொரு ஊரின் பெயர்களும் அந்தந்த ஊர்க் கணினியிலேயே இருக்கும். நடுவில் ஒரு மென்பொருள் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஊரும் சேர்ந்த ஒரே பெயரேடு போலத் தெரியும். உள்ளே ஒரு பெயரும் இராது. நீங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்தால், இவர் உங்கள் ஆள்தானா என்று உங்கள் ஊர்க் கணினியிடம் அது கேட்கும். ஓம் என்றால் கதவைத் திறந்துவிட்டு, கேட்டதை அப்போதே மறந்துவிடும். அந்த மறதியைத்தான் அக்கா மினைக்கெட்டு எழுதினார். அடிப்படை மென்பொருள் இணையத்தில் யாரும் எடுக்கக்கூடிய திறந்த மூல மென்பொருள். எங்கள் ஊர்களில் கிடந்த விதம்விதமான கணினிகளோடு பேசுகிற பகுதியும், எதையும் சேர்த்து வைக்காத பகுதியும் அவருடைய கைவேலை. வாய் திறக்காமல் இருந்த ஊர்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

நன்றாக ஓடத் தொடங்கியதும் கம்பனி வந்தது. ஒவ்வொரு வாசிகசாலைக்கும் புதிய கணினி தருகிறோம், பழுது பார்ப்பதும் எங்கள் பொறுப்பு என்றார்கள். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: அக்கா தன் பகுதியை வெளியிட்டிருந்த உரிமத்தை மாற்றவேண்டும். திறந்த மூலம் என்றால் எல்லாம் ஒரே மாதிரி என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. அடிப்படை மென்பொருளின் உரிமம் இளகியது: எடு, மாற்று, விருப்பமானால் மாற்றியதை மறைத்தும் வை. அக்கா தன் பகுதிக்குப் போட்டது இறுக்கமானது: எடு, மாற்று, விற்கவும் செய், ஆனால் மாற்றியதைப் பயன்படுத்துகிறவனுக்குத் திறந்து காட்டு, இணையத்தில் சேவையாக நடத்தினாலும் காட்டு. கம்பனிக்கு ஒன்றில் இளகிய உரிமம் வேண்டும், அல்லது தங்களுக்கென்று தனியாக ஓர் உரிமம் வேண்டும். ஒளித்து வைக்கும் வசதிதான் அவர்கள் வாங்க வந்த சாமான்.

"நாங்க மூடி வச்சா உங்களுக்கு என்ன நட்டம், அக்கா? உங்ககிட்ட இருக்கிறது உங்ககிட்டயே இருக்குமே" என்றார் கம்பனிக்காரர். மண்டபத்தில் பலருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"மூடின பிறகு உள்ளுக்கை பெயர்களைச் சேத்து வைச்சா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்படிச் செய்ய மாட்டோம். நம்புங்க."

"நம்புறதுக்கு நான் கோயிலுக்குப் போறன்" என்றார் அக்கா. "உங்களைத் திறந்து காட்டச் சொல்லித்தான் கேக்கிறன்."

அதன் பிறகு அவர் உரிமங்களை ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினார். ஹெல்மெட்டுக்குள் வியர்த்து ஒழுகியது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் தலைவர் வெங்காயச் செய்கைக்காரர். கண்ணை மூடிக்கொண்டிருந்தார், நித்திரை என்றே நினைத்தேன். ஒரு காலத்தில் கிணற்றுப் பங்குக்காகச் சொந்தத் தமையனோடு நீதிமன்றம் போய்வந்தவர் அவர். எங்கள் பக்கத்துக் காணி உறுதிப் பத்திரங்களில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் சேர்த்து எழுதியிருக்கும். காணியைப் பிறகு யார் வாங்கினாலும், பங்குக்காரர் தண்ணீர் அள்ள வருவதை மறிக்க முடியாது. தலைவர் கண்ணைத் திறந்தார்.

"பிள்ளை, அவை கேக்கிறது வெறுங்காணி. வாங்கினவன் வேலி அடைக்கலாம். நீ குடுக்கிறது கிணத்துப் பங்கு. ஆரும் அள்ளலாம், ஒருத்தரும் அடைக்கேலாது. உதுதானே?"

"உதைத்தானே ஐயா இவ்வளவு நேரமும் கத்துறன்!"

"அப்ப ஏன் கத்தினனீ? கிணறு எண்டு சொல்லியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

மண்டபமே சிரித்தது. வேலிக்காகவும் கிணற்றுக்காகவும் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய சனத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கையை உயர்த்தச் சொன்னேன். சிலர் புதிய கணினிக்காக உயர்த்தினார்கள். கூரை ஒழுகும் இடத்தில் பழைய கணினியைப் பொலித்தீனால் மூடிக் காப்பாற்றுகிறவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலானோர் அக்காவின் பக்கம். வெளியே வந்து ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டே அக்கா சொன்னார்: "நாங்கள் தோத்திருந்தாலும் நான் கையெழுத்து வைச்சிருக்க மாட்டன், அண்ணை. என்ரை எழுத்து."

புதிய கணினிகள் வரவில்லை. வந்த வாய்ப்பை வெறும் வீம்புக்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எங்களைப் பற்றிப் பேசினார்கள், இன்றைக்கும் பேசுகிறார்கள். ஓம், வீம்புதான். வீம்பு இல்லாதவர்களாக இருந்திருந்தால் இந்த ஊரில் ஒரு வாசிகசாலைகூட மிஞ்சியிருக்காது. பழைய கணினிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே பத்திரிகைகளையும் மலர்களையும் திறந்து வைத்திருக்கிறோம், பெயர்கள் அவரவர் ஊரில் இருக்கின்றன.

அதோடு அக்கா சும்மா இருக்கவில்லை. எழுதியவர் ஒருவரே என்றால் அவர் நினைத்த நேரம் யாருக்கும் தனி உரிமம் கொடுத்துவிடலாம். அவர் இல்லாமல் போனால் வாரிசுகளை நெருக்கி வாங்கிவிடலாம். ஆகவே வேலையை ஊர் ஊராகப் பகிர்ந்தார். தொண்டைமானாற்றில் ஒரு பிள்ளை ஒரு பகுதியை எழுதியது, கொக்குவிலில் ஒருவர் இன்னொன்றை. எழுதியது எழுதியவருக்கே சொந்தம் என்று விட்டார்; ஒருவரிடமும் உரிமையை எழுதி வாங்கவில்லை. அப்படியானால் உரிமத்தை மாற்ற அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாள் என்னிடமும் வந்தார். ஊர்க் கணினி மின்சாரம் இல்லாமல் கிடந்தால் திரையில் ஓர் ஆங்கில வரி வரும், அதற்குப் பதிலாகத் தமிழில் ஒன்று எழுதித் தாருங்கள் என்றார். 'உங்கள் ஊர் இப்போது பதில் சொல்லவில்லை, சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியவர்களின் பெயர்களுக்குக் கீழே என் பெயரையும் சேர்த்தார். "இனி நீங்களும் பங்குக்காரன், அண்ணை" என்றார்.

பிறகு அவர் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார், கெதியாகவே போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. துக்க வீட்டுப் பந்தலைக் கழற்றிச் சில நாட்களில் அதே கம்பனிக்காரர் என் வீட்டு வாசலில் நின்றார். அக்காவின் கணவரிடமும் மற்றவர்களிடமும் ஏற்கனவே போய்வந்திருக்கிறார். செயலாளர் என்ன சொல்கிறாரோ அதுதான் எங்களுக்கும் என்று எல்லோரும் கையை விரித்திருக்கிறார்கள். தேத்தண்ணி கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. எல்லாவற்றையும் புதிதாக எழுதிக்கொள்ளலாமே, அதற்கு நாங்கள் எதற்கு என்று கேட்டேன். அதற்குக் காலம் எடுக்கும், இது நன்றாக ஓடுகிறதே என்றார். தாளை மேசையில் விரித்து, பேனாவின் மூடியையும் தானே கழற்றித் தந்தார்.

"அந்த அக்கா இப்ப இல்லையே, சேர். யாருக்காகப் பிடிவாதம்? இவ்வளவு பெரிய மென்பொருள்ல உங்களோடது ஒரே ஒரு வரிதானே?"

"ஓம் தம்பி, ஒரு வரிதான்" என்றேன். "தரமாட்டன்."