துரையைக் கண்ட ராஜா

பிரிஞ்சாங் சந்தையில் பிள்ளைகளுக்கு விற்கிற ஜிகினாக் கிரீடத்தின் கோந்து வாசம் பட்டாலே, சின்ன மாமாமேல் எனக்கு எரிச்சல் பொங்குகிறது. தேயிலைத் தோட்டத்து இசை நாடகத்தில் ராஜா வேஷம் கிடைத்ததிலிருந்து அவர் கொழுந்து எடுக்கும்போதும் குளிக்கும்போதும் ஒரே பாட்டைப் பாடி எங்கள் லயத்து வீடுகளையெல்லாம் படுத்தி எடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா எங்களுக்கு ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவும் மாட்டி, லோரியில் ஏற்றி, தோட்டத்தின் மேல் டிவிசன் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். இன்று அது கார் நிறுத்துமிடம். அன்று தகரக் கூரை, ஈரச் சாக்கு நாற்றம், ஆர்மோனியத்தின் ஓயாத இழுவை.

"முன்னுக்கு உக்காருங்க லா, மாமா நம்மளப் பாக்கட்டும்!" என்று அம்மா முதல் பெஞ்சைப் பிடித்தார்.

யாருக்கும் தலைவணங்காத வம்சம் என்று மாமா சிம்மாசனத்தில் சாய்ந்து உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தபோது, வாசலில் தோட்டத்துத் துரை வந்து நின்றார். அவ்வளவுதான். மலையில் துரையைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவதுபோலவே கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ராஜா எழுந்து நின்றார்.

"வணக்கங்க தொர!"

திரும்பும் லோரியில் மாமாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இத்தனை வருடமாகியும் அவரைத் திட்டி முடிக்கவில்லை. ஆனால் அன்று முதல் பெஞ்சில் நானும்தான் எழுந்து நின்றேன், என் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே.