வரிச் சலுகைக்காக ஒரு நடை

அப்போது எங்கள் விளாங்குடியில் வீடுகள் குறைவு. எழுபத்தொன்றாம் வருடப் போரில் காலை இழந்த என் மகன், பொய்க்காலோடு நொண்டாமல் நடக்கப் பழகிய காலம் அது.

"மாப்ள, எந்தக் காலுடா போச்சு?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். பெருமையாகச் சிரிப்பான்.

ஊனமுற்ற ராணுவத்தினருக்கு வீட்டுவரிச் சலுகை உண்டென்று கேள்விப்பட்டு, அவனை வரி அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் எனக்குப் பயம் வந்தது. இவ்வளவு நேராக நடந்தால் நம்புவார்களா?

"கொஞ்சம் நொண்டி நடய்யா," என்றேன்.

என்னையே பார்த்தான். பிறகு நொண்டிக்கொண்டே உள்ளே போனான். சலுகை கிடைத்தது.

வெளியே வந்த பிறகும் நொண்டினான்.

"போதும்யா."

"யாராச்சும் பாப்பாக, அப்பா. வீடு போய்ச் சேருவோம்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சலுகை வாங்கிய அந்த வீட்டில் அவன் நடந்து வரும்போது, இன்றும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.