மூடி கழற்றும் வீடு

"வீடு எனக்கு, வேர்வை எனக்கு, கோடு மட்டும் எவனோ போடணுமா? அவனுக்குக் கொட்டி அழற காசுல இன்னொரு பாத்ரூம் கட்டிக்குவேன்!"

கண்ணாடிக்கடைக்காரர் இப்படி எகிறும்படி அவர் மனைவி பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. வீட்டுக்குப் பிளான் போட, படித்தவர் ஒருவரைப் பார்க்கலாமே என்றாள். அவ்வளவுதான்.

"இருக்கறதே ரெண்டு பேரு. மூணு பாத்ரூம் கட்டி முறை வச்சுக் குளிக்கவா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. கம்ப்யூட்டர்தான் வந்தது.

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, முன்னாடி இருந்ததா? இப்பத் தெரியுதா?" என்று கேட்டே தலை நரைத்தவர். வீடு வரைகிற சாஃப்ட்வேர் கைக்கு வந்ததும் மனைவிக்கும் அதே பரீட்சை. திரையில் சமையலறைச் சுவரை ஒரு விரற்கடை தள்ளுவார்.

"இதுவா, முன்னாடி இருந்ததா?"

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். "ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

"நல்லாப் பாரு. உனக்குப் பவர் கூடியிருச்சு."

கடைக்கு வந்தவர்களும் தப்பவில்லை. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் படிக்க வந்தவர், ரெண்டு கண்ணாலும் இவர் வீட்டு மொட்டைமாடியைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். திரையின் ஓரத்தில் இருக்கும் ஒரு பொத்தானை இப்படி இழுத்தால் படத்து வீட்டில் பொழுது விடியும், அப்படித் தள்ளினால் சாயும். "சூரியனையே நகத்தறேன், சுவர் எனக்கு எம்மாத்திரம்?" என்பார். படத்து வீட்டின் கூடத்தில் ஒரு நாயைப் படுக்கவைத்திருந்தார். நாயைக் கண்டால் நடுத்தெருவில் ஓடுகிற ஆள். சாஃப்ட்வேரோடு இலவசமாகக் கொடுத்தார்களாம், வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லையாம்.

வாங்கியிருந்தது குறுகலான மனை. கீழே கடை, மேலே குடித்தனம். நடுவில் ஒரு சுருள் மாடிப்படி, முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி மாதிரி. அதைத் திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டி அவரே சொக்கிப்போவார். கடையில் அந்தப் படி மிச்சம்பிடித்துக் கொடுத்த இடத்தில் ஆளுயர ஷோகேஸ் ஒன்று, உள்ளே வரிசையாக விளக்கு. சின்ன வயசிலிருந்து அவர் கண்ட கனவு அது.

அஸ்திவாரம் தோண்ட ஆள் சொல்லியாகிவிட்டது. அன்றைக்குத்தான் அவள் படுக்கையறைப் படத்தில் தன் தேக்கு பீரோவைக் கண்டாள். அவள் அப்பா தன் கையால் இழைத்துக் கொடுத்தது. கல்யாணமாகி வந்தபோது நாலு பேர் தூக்கிவந்தார்கள், அதிலும் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

"பீரோ எப்படிங்க மேல போச்சு?"

"இதோ, இப்படி." ஒரு தட்டுத் தட்டினார். கூரை பாத்திரத்து மூடியைப்போலக் கழன்று ஓரமாக நின்றது. பீரோவை மேலேயிருந்து நோகாமல் இறக்கினார். மறுபடி ஒரு தட்டு. கூரை வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் திரையில் கூரையைத் தொட்டுக் காட்டினாள். "கட்டி முடிச்சப்புறமும் மூடியக் கழட்டலாமா?"

கண்ணாடிக்கடைக்காரர் பீரோவைத் திரையில் படி வழியாக ஏற்றப் பார்த்தார், முதல் திருப்பத்திலேயே முட்டியது. சுருள்படியைச் சுற்றிப் பார்த்தார். பீரோவைப் படுக்கவைத்தார், நிமிர்த்தினார். கடைசியில், "இந்தக் காலத்துல யாரு இவ்ளோ பெரிய பீரோ வச்சிருக்கா? வித்துட்டு ரெண்டு சின்னதா வாங்கிக்கலாம்" என்றார்.

"வித்துக்கோங்க. அப்படியே என்னையும் சேத்துப் போட்டுருங்க. நானும் பழசுதான்."

அன்றைக்குச் சாப்பாடு போட்டாள், பேச்சுப் போடவில்லை.

மறுநாள் திரையில் சுருள்படியைக் காணோம். அகலமாய் ஒரு நேர்ப்படி கடைக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. ஷோகேஸ் இருந்த இடத்தை அது முழுசாக விழுங்கியிருந்தது. நாய் மட்டும் பத்திரமாக இருந்தது.

"சுருளு எங்க?"

"ஏறினா தலை சுத்தும். அதான் எடுத்தேன். உன் பீரோவுக்குன்னு நினைச்சுக்காத."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து புத்தம்புது இரும்பு டேப்பை எடுத்தார். இத்தனை நாளும் பீரோவைக் கண்மதிப்பில்தான் வரைந்திருக்கிறார்.

"இந்த முனையப் பிடி. ஆட்டாத."

அவள் பிடித்தாள். குறுக்கே அளந்தார், உயரம் அளந்தார். நம்பிக்கையில்லாமல் திரும்பவும் குறுக்கே அளந்தார். திரையில் இருந்ததைவிட பீரோ நன்றாகவே பருத்திருந்தது.

"இப்பத் தெரியுதா?" என்றாள் அவள்.

அவர் குனிந்து அடிக்கட்டையை அளக்க ஆரம்பித்தார்.

"இத்தனை நாளா வாங்காத டேப்பு என்ன விலைங்க?"

"ரெண்டு டீக்காசு" என்றார், நிமிராமலே.